காமிராக்கள் கற்றுத்தரும் பங்கீடு

பங்கீடு என்பது மனித வாழ்வின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. இருக்கும் பொருள் கொஞ்சம், வேண்டுவோர் பலர். வீட்டில் சோற்றுப் பானையைச் சுற்றி எழும் இச்சிக்கலே ஊரில் வாய்க்கால் நீரைச் சுற்றியும், நாடுகளிடையே எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றியும் எழுகிறது. "எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று ஒரு சாரார் கூறுவர். "யாரால் மிகுந்த பயன் விளையுமோ அவருக்கே கொடுப்பதுதான் அறிவுடைமை" என்று மற்றொரு சாரார் கூறுவர். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டிலும் குறையும் உண்டு.

இதே சிக்கல் இன்று உயிரற்ற கருவிகளிடையேயும் தோன்றியிருக்கிறது. காட்டிலும் மலையிலும் நிறுத்தப்பட்டு, கம்பியின் துணையின்றிப் படம் அனுப்பும் சிறு காமிராக்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம். அவற்றுக்குப் பசி இல்லை, பொறாமை இல்லை, கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரவும் தெரியாது. ஆகவே, பங்கீட்டில் எது நேர்மை, எது பயன் என்பதை மனத்தாங்கல் எதுவும் குறுக்கிடாமல் வெறும் கணக்காகவே பார்க்க அவை நமக்கு வழி செய்கின்றன. அக்கணக்கைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

உணர்கருவிகளின் கூட்டம்

வெப்பம், ஈரம், ஒளி, ஒலி, அசைவு போன்றவற்றை அறிந்து எண்ணாக மாற்றும் கருவியை உணர்கருவி என்கிறோம். அதனுடன் ஒரு சிறு கணிப்பொறியையும், ஒரு சிறு ரேடியோவையும், ஒரு பாட்டரியையும் சேர்த்து உள்ளங்கையில் அடங்கும் பெட்டியாக்கலாம். இத்தகைய பெட்டிகள் பலவற்றை ஓரிடத்தில் பரப்பிவைத்தால், அவை ஒன்றோடொன்று ரேடியோ அலையால் பேசிக்கொண்டு, தாம் அறிந்தவற்றை ஒரு நிலையத்தில் கொண்டு சேர்க்கும். இதுவே கம்பியில்லா உணர்கருவி வலை.

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் என்னும் சிறு தீவில் இப்படிப்பட்ட 32 கருவிகள் வைக்கப்பட்டன. அத்தீவில் ஒரு வகைக் கடற்பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. மனிதர் அடிக்கடி சென்று பார்த்தால் பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். ஆகவே, மனிதர் போகாமலே வளையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிய இவ்வழி கண்டனர். சாதாரண டார்ச் விளக்குக்குப் போடும் சிறிய பாட்டரிகள் இரண்டே ஒவ்வொரு கருவிக்கும் உணவு.

அதே 2002-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள காலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய வலைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையை ஏற்றவர் டெபோரா எஸ்ட்ரின் என்னும் பெண் விஞ்ஞானி. அம்மையத்தைச் சேர்ந்தோர் 2005-இல், இவ்வகைச் சிறு பெட்டியோடு இணைக்கத்தக்க 'சைக்ளோப்ஸ்' என்னும் காமிராவை வெளியிட்டனர். சைக்ளோப்ஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். இக்காமிராக்கள் சான் ஜசிந்தோ மலையிலுள்ள ஜேம்ஸ் காப்பகத்தில் பறவைக் கூட்டுப் பெட்டிகளுக்குள் பொருத்தப்பட்டன. பறவை வந்ததா, முட்டையிட்டதா, குஞ்சு பொரித்ததா என்பதைக் கூட்டைத் தொடாமலே காண முடிந்தது.

படத்தின் பாரம்

வெப்பத்தை அறிவிப்பதற்கும் படத்தை அனுப்புவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. கணிப்பொறியில் எழுத்து, எண், படம் அனைத்தும் 'பைட்' என்னும் அளவால் அளக்கப்படும். ஒரு வெப்ப அளவைச் சொல்ல 2 பைட் போதும். சைக்ளோப்ஸ் எடுக்கும் படமோ குறுக்கே 352 புள்ளிகளும் நெடுக்கே 288 புள்ளிகளும் உடையது. இரண்டையும் பெருக்கினால் 1,01,376 புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படமாயின் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 1,01,376 பைட் வேண்டும். அதாவது, ஒரே ஒரு படம் ஐம்பதாயிரம் வெப்ப அளவுகளுக்குச் சமமான பாரம்!

சிறு உணர்கருவிகளுக்கென 2003-இல் வகுக்கப்பட்ட ரேடியோ முறை ஒன்று விநாடிக்கு 2,50,000 'பிட்' அனுப்ப வல்லது. ஒரு பைட்டுக்கு 8 பிட். கணக்கிட்டுப் பார்த்தால், வேறெந்த இடையூறும் இல்லாதபோதே ஒரு படம் போய்ச் சேர மூன்று விநாடிக்கு மேல் ஆகும். அம்முறையில் ஒரு தடவைக்கு அனுப்பும் பொட்டலம் 127 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. முகவரி முதலியவற்றுக்கு இடம் விட்டுப் பொட்டலத்துக்கு 100 பைட் படம் என்று கொண்டால், ஒரு படத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் ஆகின்றன. இவ்வாறு பத்துக் காமிராக்கள் ஒரே காற்றுவெளியில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பங்கிட வேண்டிய பொருள்கள் மூன்று. முதலாவது, காற்றுவெளியில் பேசும் நேரம். இரண்டாவது, பாட்டரியில் உள்ள மின்சக்தி. மூன்றாவது, அண்டையிலுள்ள கருவியின் உதவி. ஏனெனில் தொலைவிலுள்ள காமிரா தன் படத்தை இடையிலுள்ள காமிராக்களின் கைம்மாற்றாகவே நிலையத்துக்கு அனுப்ப முடியும்.

பேசும் முறை

வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் ஆசிரியையின் காதில் விழாது. ரேடியோவிலும் அவ்வாறே. ஒரே அலைவரிசையில் இரு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும்.

இதனை முதன்முதலில் பெரிய அளவில் எதிர்கொண்ட இடம் ஹவாய்த் தீவுகள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1971-இல், வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே கணிப்பொறியோடு ரேடியோவால் பேசும் 'அலோஹா' என்னும் முறையை இயக்கினர். அதன் விதி மிக எளிது: பேச வேண்டியிருந்தால் பேசு, பதில் வராவிட்டால் மோதல் நேர்ந்தது என்று அறிந்து, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் பேசு. எளிமைக்கு விலை உண்டு. இம்முறையில் காற்றுவெளியின் கொள்ளளவில் அதிகமாகப் போனால் 18 விழுக்காடுதான் பயன்படும். மிகுதி மோதலிலும் மௌனத்திலும் வீணாகும். மறு ஆண்டு லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர் காலத்தைச் சம துண்டுகளாகப் பிரித்து, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று கட்டுப்பாடு விதித்தால் அது இரு மடங்காகி 37 விழுக்காடு வரை உயரும் என்று காட்டினார். சிறு ஒழுங்கு, இரட்டைப் பயன்.

இன்னும் நல்ல வழி, முறை வைத்துப் பேசுவது. நாம் செபமாலை சொல்லும்போது ஒரு பக்கத்தார் மந்திரத்தின் முற்பகுதியைச் சொல்ல, மறுபக்கத்தார் பிற்பகுதியைச் சொல்கிறோம். இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை, இடைவெளியும் விழுவதில்லை. காமிராக்களுக்கும் இவ்வாறு முறை வைக்கலாம். ஆனால், யாருக்கு எவ்வளவு நேரம்? இங்கேதான் நம் சிக்கல் தொடங்குகிறது.

மூன்று விதிகள்

இரண்டே காமிராக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு மேரி, மார்த்தா என்று பெயரிடுவோம். மேரி நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அலை வலுவாக இருப்பதால், முழு நேரமும் அதற்கே கொடுத்தால் நிமிடத்துக்கு 10 படம் அனுப்பும். மார்த்தா மலைக்கு அப்பால் இருக்கிறது. அலை மெலிந்து வருவதால் மெதுவாகத்தான் அனுப்ப முடியும். முழு நேரமும் கொடுத்தாலும் நிமிடத்துக்கு 2 படந்தான். இவை நாம் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்.

முதல் விதி: மொத்தப் படங்கள் மிகுதியாக வேண்டும். அப்படியானால் முழு நேரத்தையும் மேரிக்கே கொடுக்க வேண்டும். மொத்தம் 10 படம். ஆனால் மார்த்தாவுக்குச் சுழி. மலைக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் விதி: இருவரும் ஒரே எண்ணிக்கையில் படம் அனுப்ப வேண்டும். அதற்கு, நேரத்தில் ஆறில் ஒரு பங்கு மேரிக்கும், ஆறில் ஐந்து பங்கு மார்த்தாவுக்கும் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.67 படம் அனுப்பும். மொத்தம் 3.33. சமத்துவம் கிடைத்தது, ஆனால் 10 படம் அனுப்ப வல்ல மேரியின் திறமை மண்ணில் புதைந்தது. இது வெறும் கற்பனையன்று. 2003-இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அக்கால வை-பை கருவிகளில் இதையே கண்டனர். விநாடிக்கு 110 லட்சம் பிட் வேகமுள்ள கருவிகளின் நடுவே, 10 லட்சம் பிட் மட்டுமே அனுப்பும் ஒரு கருவி வந்து சேர்ந்தால், வேகமுள்ளவை அனைத்தும் அந்த மெதுவான கருவியின் வேகத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. ஒவ்வொருவருக்கும் பேச ஒரே அளவு வாய்ப்பு என்பது அம்முறையின் விதி. மெதுவாகப் பேசுபவர் தம் வாய்ப்பில் நீண்ட நேரத்தை எடுத்துக்கொள்ள, மற்றவர் காத்திருக்க நேர்ந்தது.

மூன்றாம் விதியைச் சொன்னவர் ஜான் நாஷ் என்னும் அமெரிக்கக் கணித மேதை. அவர் இளம் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, இருவர் பேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவதைப் பற்றிய கட்டுரை ஒன்று 1950-இல் வெளிவந்தது. ஆட்டக் கோட்பாட்டில் அவர் செய்த பணிக்காக 1994-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிட்டியது. அவருடைய விதியைச் சுருக்கினால் இதுதான்: ஒவ்வொருவரும் பெறும் நன்மையைக் கூட்டிப் பார்க்காதே, பெருக்கிப் பார். எந்தப் பங்கீட்டில் அப்பெருக்குத்தொகை மிகப் பெரியதோ அதுவே ஏற்கத்தக்கது.

நம் காமிராக்களுக்கு இதைப் பொருத்துவோம். முதல் விதியில் பத்தையும் சுழியையும் பெருக்கினால் சுழி. இரண்டாம் விதியில் 1.67-ஐ 1.67-ஆல் பெருக்கினால் 2.78. நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் மேரி 5 படம், மார்த்தா 1 படம், பெருக்குத்தொகை 5. நேரத்தில் முக்கால் பங்கை மேரிக்குக் கொடுத்தால் 7.5 படமும் 0.5 படமும்; பெருக்குத்தொகை 3.75. எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் 5-க்கு மேல் வருவதில்லை. ஆகவே, நேரத்தைச் சமமாகக் கொடுப்பதே இங்கு முடிவு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் கெல்லி 1997-இல் தகவல் வலைகளுக்கு இதே கருத்தை 'விகித நேர்மை' என்ற பெயரால் வகுத்துக் கொடுத்தார்.

கணக்கில் ஆர்வமுள்ள தங்கையர் இதனை மூன்று காமிராக்களுக்குச் செய்து பார்க்கலாம். தனித்தனியே நிமிடத்துக்கு 12, 6, 3 படம் அனுப்ப வல்லவை என்று கொள்க. நேரத்தை மூன்றாகப் பிரித்தால் 4, 2, 1 படங்கள், பெருக்குத்தொகை 8. மூன்றும் சம எண்ணிக்கையில் படம் அனுப்பினால் பெருக்குத்தொகை 5-ஐச் சிறிதே தாண்டும்.

கூட்டலும் பெருக்கலும்

பெருக்கலில் அப்படி என்ன சிறப்பு? கூட்டலில் ஒருவருடைய பட்டினியை மற்றொருவருடைய நிறைவைக் கொண்டு மறைத்துவிடலாம். பத்தும் சுழியும் கூட்டினாலும் பத்து; ஐந்தும் ஐந்தும் கூட்டினாலும் பத்து. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. பெருக்கலில் அது முடியாது. பதின்மரில் ஒருவர் சுழி பெற்றாலும் மொத்தமும் சுழியாகிவிடும். மற்ற ஒன்பதின்மர் எவ்வளவு செழித்தாலும் அக்கணக்கு எழுந்து நிற்பதில்லை. அதே வேளையில், திறமையுள்ளவர் கையைக் கட்டிப்போடுவதாலும் பெருக்குத்தொகை வளர்வதில்லை. நேர்மையும் பயனும் ஒரே கணக்கில் கைகோத்து நிற்பது இதனாலேயே.

பங்கீடு எவ்வளவு சமமானது என்பதை அளக்க ஓர் அளவுகோலும் உண்டு. 1984-இல் ராஜ் ஜெயின் என்னும் இந்தியரும் அவருடன் பணியாற்றிய இருவரும் அதனை வகுத்தனர். அனைவருடைய பங்கையும் கூட்டி, அத்தொகையை அதனாலேயே பெருக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு பங்கையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். எல்லோரும் சமமாகப் பெற்றால் விடை 1. இருவரில் ஒருவரே அனைத்தையும் பெற்றால் விடை 0.5, அதாவது பாதிப் பேருக்குத்தான் பங்கு கிடைத்தது என்று பொருள். மேரி 5, மார்த்தா 1 என்னும் பங்கீட்டுக்கு விடை ஏறக்குறைய 0.69.

குறைந்த அளவு என்னும் தளம்

இப்போது ஒரு வினா எழும். மார்த்தாவுக்கு நிமிடத்துக்கு 1 படம் போதுமா? அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது விடை.

அமெரிக்காவின் சான்டியாகோ வட்டாரத்தில் 2003 அக்டோபரில் 'சீடர்' தீ என்று பெயர் பெற்ற காட்டுத் தீ மூண்டது. இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. பதினைந்து பேர் உயிரிழந்தனர். அவ்வட்டாரத்தின் மலை உச்சிகளில் அங்குள்ள பல்கலைக்கழகத்தார் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒரு கம்பியில்லா வலையை வளர்த்து வந்திருக்கின்றனர். நிலநடுக்கத்தை உணரும் கருவிகளின் செய்தியும், பலோமார் வான ஆராய்ச்சிக் கூடத்தின் படங்களும், நாற்புறமும் நோக்கும் மலையுச்சிக் காமிராக்களின் படங்களும் அவ்வலையில் பயணம் செய்கின்றன. இவை கூட்டுப் பெட்டிக் காமிராக்களைவிட மிகப் பெரியவை. ஆயினும் பாடம் ஒன்றே. புகை எந்தத் திசையில் முதலில் எழும் என்று யாரும் முன்னறிந்து சொல்ல முடியாது. ஆகவே, எந்தத் திசையும் குருடாக இருக்கக்கூடாது. 2023-இல் காலிபோர்னியாத் தீயணைப்புத் துறையினர், மாநிலமெங்கும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட காமிராக்களின் படங்களைக் கணிப்பொறியைக் கொண்டே ஆராய்ந்து புகையைக் கண்டறியும் முயற்சியைத் தொடங்கினர்.

நாஷின் விதியில் இதற்கும் இடம் உண்டு. ஒவ்வொருவருக்கும் இன்றியமையாத ஓர் அளவை முதலில் ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் கிடைக்கும் நன்மையை மட்டும் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 1 படமாவது இரு காமிராவுக்கும் கட்டாயம் என்று வைப்போம். அதற்கு மேரிக்கு நேரத்தில் பத்தில் ஒரு பங்கும், மார்த்தாவுக்குப் பாதியும் செலவாகும். எஞ்சிய பத்தில் நான்கு பங்கை இரண்டுக்கும் சமமாகப் பிரித்தால் பெருக்குத்தொகை மிகுதியாகும். முடிவில் மேரி 3 படமும் மார்த்தா 1.4 படமும் அனுப்பும். ஜெயினின் அளவுகோல் இப்போது 0.88 காட்டுகிறது. இன்றியமையாத தேவை என்னும் தளத்தை இட்டவுடன், தொலைவிலுள்ள மார்த்தாவுக்கு நேரத்தில் பத்தில் ஏழு பங்கு தானே வந்து சேர்ந்ததைக் கவனியுங்கள்.

புகை எழுந்துவிட்டால் சமமும் விகிதமும் சிறிது நேரம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். புகையைக் கண்ட காமிராவுக்கே மற்றவை வழிவிட வேண்டும். வீட்டில் நோயுற்ற குழந்தைக்கு முதற் கவனிப்பு என்பதை எந்தச் சகோதரியும் அநீதி என்று சொல்வதில்லை. ஆபத்து நீங்கியபின் பழைய ஒழுங்குக்குத் திரும்புவதும் அதே அளவு முக்கியம்.

சுமப்பவரின் சுமை

இதுவரை நேரத்தைப் பற்றியே பேசினோம். பாட்டரியின் கதை இன்னும் உருக்கமானது.

ஐந்து காமிராக்கள் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது தன் படத்தை நான்காவதிடம் கொடுக்கும். நான்காவது தன் படத்தோடு அதையும் சேர்த்து மூன்றாவதிடம் கொடுக்கும். இப்படியே வந்து, நிலையத்துக்கு அருகிலுள்ள முதற் காமிரா ஐந்து படங்களையும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாட்டரியும் 1,000 படம் அனுப்பத் தாங்கும் எனில், முதற் காமிரா 200 சுற்றிலேயே ஓய்ந்துவிடும். அப்போது கடைசிக் காமிராவின் பாட்டரியில் இன்னும் 800 படத்துக்கான சக்தி மிஞ்சியிருக்கும். ஆயினும் என்ன பயன்? வாசற்படி இடிந்தபின் வீட்டில் இருப்பவர் வெளியே வர முடியாது. ஒன்று ஓய்ந்ததால் ஐந்தும் ஊமையாயின.

மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்துக்கும் சம பாட்டரி, சமப் படம் என்று நேர்மையாகவே தோன்றியது. ஆனால் சுமை சமமாக இல்லை. பங்கீடு என்றவுடன் பெறுவதை மட்டும் எண்ணுகிறோம். சுமப்பதையும் பங்கிட வேண்டும் என்பதை இவ்வைந்து காமிராக்களும் நினைவூட்டுகின்றன.

இதற்குப் பல பரிகாரங்கள் உண்டு. நிலையத்தின் அருகே கூடுதலான கருவிகளை வைக்கலாம். அருகிலுள்ளவற்றுக்குப் பெரிய பாட்டரி கொடுக்கலாம். தொலைவிலுள்ள காமிராவே சற்று உழைத்து, தன் படத்தைச் சுருக்கி அனுப்பலாம். கூட்டில் எந்த மாற்றமும் இல்லையெனில் படமே அனுப்பாமல் இருக்கலாம். முட்டைகளை எண்ணத் தெரிந்த காமிராவாயின் 'மூன்று' என்ற ஓர் எண்ணை மட்டும் அனுப்பலாம். சுருக்குவதற்கும் எண்ணுவதற்கும் தன் பாட்டரியில் கொஞ்சம் செலவாகும் என்பது உண்மை. ஆனால் அச்செலவு, வழியில் தன் படத்தைச் சுமந்து களைக்கும் தோழிகளுக்கு இளைப்பாறுதலாகும்.

மற்றொரு பரிகாரம் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்தது. வெண்டி ஹைன்செல்மன் என்னும் பெண் ஆராய்ச்சியாளர், சென்னையில் பிறந்த அனந்தா சந்திரகாசனோடும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணனோடும் சேர்ந்து 'லீச்' என்னும் முறையை வகுத்தார். கருவிகள் சிறு சிறு குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவி. உறுப்பினர் அனைவரும் அருகிலுள்ள தலைவியிடம் செய்தியைக் கொடுப்பர்; அவள் அவற்றைத் தொகுத்துச் சுருக்கித் தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்புவாள். தலைமை என்பது அதிகாரமன்று. மிகக் கடினமான வேலை. பாட்டரி விரைவில் தீரும். ஆகவே, தலைமைப் பொறுப்பு முறை வைத்து மாறும். ஒரு முறை தலைவியாக இருந்தவள், மற்றவர் முறை முடியும் வரை மீண்டும் அச்சுமையை ஏற்பதில்லை. பழைய முறைகளோடு ஒப்பிட்டுக் கணிப்பொறியில் கணித்தபோது, சக்திச் செலவை எட்டில் ஒரு பங்கு வரை குறைக்க இயலும் என்று அவர்கள் கண்டனர். ஹைன்செல்மன் பின்னர் 2016-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவுக்குத் தலைவராக உயர்ந்தார் என்பது நம்மைப் போன்ற மாணவியருக்கு ஊக்கமூட்டும் செய்தி.

நமக்குரிய பாடம்

மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். விடியற்காலையில் வந்தவரும் மாலை ஐந்து மணிக்கு வந்தவரும் ஒரே ஒரு தெனாரியத்தையே கூலியாகப் பெறுகின்றனர். முதலில் வந்தோர் முணுமுணுக்கின்றனர். இவ்வுவமையின் முதற் பொருள் இறைவனின் அளவற்ற இரக்கம். அதனைக் கணக்குப் பாடமாக்குவது நம் நோக்கமன்று. ஆயினும் தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். கடைசியில் வந்தவன் வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரிய வேண்டும். முதலில் வந்தவனுக்குப் பேசிய கூலியும் குறையவில்லை. தோட்ட உரிமையாளர் ஒருவரையும் சுழியோடு திருப்பி அனுப்பவில்லை.

இயந்திரங்களுக்கு இரக்கம் கிடையாது. அவற்றுக்கு எந்த விதியை எழுதிக் கொடுக்கிறோமோ அதன்படிதான் அவை நடக்கும். ஆகவே விதியை எழுதும் கை நேர்மையான கையாக இருக்க வேண்டும். நம் பள்ளியிலிருந்து நாளை பொறியியல் கற்கப் போகும் மாணவியர் பலர் இத்தகைய விதிகளை எழுதும் இடத்தில் அமரக்கூடும். அன்று மொத்தக் கணக்கு நன்றாக இருக்கிறது என்ற அளவில் மனம் நிறைந்துவிடாமல், மலைக்கு அப்பால் இருக்கும் மார்த்தாவின் பங்கு என்ன என்று கேட்க வேண்டும். நிலையத்தின் அருகில் நின்று எல்லோருடைய சுமையையும் தாங்கும் முதற் காமிராவின் பாட்டரி எவ்வளவு மிச்சம் என்றும் கேட்க வேண்டும்.

அதற்கு முன்பே பழகிக்கொள்ள நமக்கு வாய்ப்புகள் நிறைய உண்டு. விடுதியில் தண்ணீர் பிடிக்கும் வரிசையிலும், நூலகத்தில் ஒரே புத்தகத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்கும்போதும், விழா முடிந்தபின் மண்டபத்தைப் பெருக்கும் வேளையிலும், வீட்டில் அம்மா ஒருவரே எல்லோர் தட்டையும் கழுவும்போதும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். யார் எவ்வளவு பெற்றார் என்பதோடு, யார் ஒன்றுமே பெறவில்லை, யார் மிகுதியாகச் சுமந்தார் என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்டால் விடை பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். பிறகு செய்ய வேண்டியது, எழுந்து சென்று ஒரு தட்டையேனும் கழுவுவதுதான்.